தகரப் பெட்டிக்குள் ஒரு குரல்

சின்னமனூரில் உள்ள நம் பூர்வீக இல்லத்திற்கு வெள்ளையடிக்க வேண்டி, சென்ற ஆண்டு நவம்பர் மாதத்தில் தட்டுமுட்டுச் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தோம். மரப் பீரோவின் மேல்தட்டில், பழைய செபப் புத்தகங்களுக்கும் நிறம் மங்கிய திருமண அழைப்பிதழ்களுக்கும் பின்னால், துருவேறிய பிஸ்கட் டின் ஒன்று அகப்பட்டது. திறந்தபோது உள்ளே பதினொரு கேசட்டுகள் இருந்தன. அவற்றுள் பல திரைப்படப் பாடல்கள். இரண்டு கிறிஸ்துமஸ் பாடல்கள். ஒன்றின் மீது மட்டும், காலஞ்சென்ற நம் தந்தையாரின் கையெழுத்தில், ‘ஆத்தா - 1983’ என்று நீல மையில் எழுதியிருந்தது.

தந்தையாருக்கு ஆத்தா என்றால் நமக்கு அப்பத்தா. அவர் 1986-இல் இறைவனடி சேர்ந்தார். அவருடைய நிழற்படம் இன்றும் நடுக்கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஆனால் அவர் குரல் எப்படி இருந்தது என்று நம்முள் ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முகத்தை எளிதில் மறவாத மனம், குரலை எத்துணை விரைவில் கைவிட்டுவிடுகிறது!

தம்பியின் மகன் துள்ளிக் குதித்தான். பரணில் கிடந்த பழைய டேப் ரிக்கார்டரை எடுத்துவந்து, தூசியைத் துணியால் தட்டிவிட்டு, கேசட்டை அதனுள் திணிக்கப் போனான். நாம் பாய்ந்து சென்று பிடுங்கிக்கொண்டோம். அந்த வேகத்தில் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டோம் போலும்; பையனின் முகம் வாடிவிட்டது. அவனிடம் அன்று சொல்ல நேர்ந்த காரணங்களையே இங்கு விரித்து எழுதுகிறோம். ஏனெனில், இத்தகைய தகரப் பெட்டி ஒன்று உங்கள் இல்லத்துப் பீரோவிலும் இருக்கக்கூடும்.

அந்த நாடாவுக்கு ஒரு வரலாறு உண்டு. நம் சித்தப்பா 1980-இல் பிழைப்பின் நிமித்தம் குவைத் சென்றவர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு மலையேறிச் சென்றவர்கள் உண்டு. கடல் கடந்து சென்றவர்களும் உண்டு. இவர் இரண்டாம் வகை. 1982-இல் விடுமுறையில் வந்தபோது, கைப்பிடி வைத்த சிறிய டேப் ரிக்கார்டர் ஒன்றையும் நான்கு வெற்றுக் கேசட்டுகளையும் வீட்டில் விட்டுச் சென்றார். அப்பத்தாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. “லெட்டர் எழுத ஆளைத் தேட வேண்டாம், ஆத்தா இதுல பேசி அனுப்பட்டும்” என்பது அவருடைய ஏற்பாடு. அந்நாளில் வெளிநாட்டுக்குத் தொலைபேசியில் பேசுவதென்றால் ஒரு நாள் வேலையும் ஒரு கட்டுப் பணமும் வேண்டும். கடிதமோ வாரக்கணக்கில் பயணம் செய்யும். ஆகவே ஊருக்குப் போகிறவர், வருகிறவர் கையில் குரலையே கொடுத்தனுப்பும் வழக்கம் வளைகுடா நாடுகளில் உழைத்த நம்மவர் குடும்பங்கள் பலவற்றில் இருந்தது. முதல் இரண்டு நாடாக்கள் குவைத் போய்ச் சேர்ந்தன. மூன்றாவதை எடுத்துச் செல்ல வேண்டியவர் குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே புறப்பட்டுவிட்டார். நாடா வீட்டிலேயே தங்கியது. அப்பத்தா மறைந்தபோது சித்தப்பாவால் அடக்கத்திற்கு வந்து சேர முடியவில்லை. தமக்காகப் பேசப்பட்ட அந்த நாடாவை அவர் ஒருபோதும் கேட்டதில்லை. இன்று அவர் எழுபதைக் கடந்தவர், தேனியில் வசிக்கிறார்.

இனி கருவிக்கு வருவோம். அதன் உள்ளே நடப்பது யாதென அறிந்தால், எதற்கு அஞ்ச வேண்டும் என்பது தானே விளங்கிவிடும்.

நாம் கேசட் என்று அழைக்கும் இச்சிறு பேழையை ஹாலந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனம் 1963 ஆகஸ்டு மாதத்தில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் முதன்முதலாக வைத்தது. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் இருந்த அந்நிறுவனத்தின் குழுவுக்குத் தலைமை வகித்தவர் லூ ஓட்டன்ஸ் என்னும் பொறியியலாளர். அதற்கு முன்பும் ஒலிநாடா இருந்தது. ஆனால் பெரிய சக்கரங்களில் சுற்றிய நாடாவைக் கையால் கோத்து மாட்ட வேண்டும். கருவியும் பெட்டி போல் கனக்கும். ஓட்டன்ஸ், தம் மேலங்கிப் பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரத்துண்டை வெட்டி வைத்துக்கொண்டு, ‘கருவி இந்த அளவுக்கு மேல் போகக்கூடாது’ என்று வரையறுத்தாராம். அம்மரத்துண்டின் பயனாகவே எழுத்தறியாத ஒரு மூதாட்டி சின்னமனூர்த் திண்ணையில் அமர்ந்து குவைத்தில் இருந்த மகனுடன் பேச முடிந்தது. ஓட்டன்ஸ் 2021-இல் காலமானார்.

அதே 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய கொள்கைத் திரட்டையும், சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றிய விதித்தொகுப்பையும் ஒரே நாளில் வெளியிட்டது. திருப்பலி தமிழில் வந்தது. பாடல்கள் தமிழில் பெருகின. அவற்றைப் பங்குதோறும் கொண்டு சேர்த்ததில் கேசட்டின் பங்கு சிறிதன்று. பாடற்குழுவில் சுரம் தெரிந்தவர் இல்லாத சிற்றூர்களில், நாடாவை ஓடவிட்டு, நிறுத்தி, மீண்டும் ஓடவிட்டுப் பாடம் கற்றவர்கள் இன்று பாட்டன் பாட்டிகளாக இருப்பார்கள்.

நாடா என்பது மெல்லிய பாலியெஸ்டர் பட்டை. அதன் ஒரு முகத்தில் இரும்பு ஆக்ஸைடின் நுண்துகள்கள் ஒரு பசையால் ஒட்டப்பட்டுள்ளன. அகலம் 3.81 மில்லிமீட்டர். அது விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில், ‘ஹெட்’ எனப்படும் சிறு காந்த முனையை உரசிக்கொண்டு செல்கிறது. நாம் பேசும் ஒலி, மைக்கின் வழியே மின்னலையாகி, அம்முனையில் காந்தப்புலமாகித் துகள்களைக் காந்தமாக்கிவிட்டுப் போகிறது. திரும்ப ஓடவிடும்போது அதே காந்தம் மின்னலையை எழுப்பி ஒலியைத் தருகிறது. எனவே குரலுக்கு மூவகைப் பகை உண்டு: துகள் உதிர்வது, பட்டை கெடுவது, காந்தம் அழிவது. இம்மூன்றுக்கும் மேலாக நான்காவது ஒன்று உண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

அறுபது நிமிடக் கேசட்டில் ஏறக்குறைய 90 மீட்டர் நாடா இருக்கிறது. தொண்ணூறு நிமிடக் கேசட்டும் நூற்றிருபது நிமிடக் கேசட்டும் அதே பேழைக்குள் அடங்க வேண்டுமாதலால், அவற்றின் நாடா மேலும் மேலும் மெலிந்துகொண்டே போகும். அறுபதில் சுமார் 18 மைக்ரான் என்றால், தொண்ணூறில் சுமார் 12. நூற்றிருபதிலோ 9 தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ‘இரண்டு மணி நேரம் பதியலாமே’ என்று சிக்கனம் கருதி நூற்றிருபதை வாங்கியவர்கள் பலர். அவர்களுடைய நாடாக்களே கருவியில் மிகுதியாகச் சிக்கின. நம் அப்பத்தாவின் நாடா அறுபது. சித்தப்பா நல்லறிவுடன் வாங்கியிருந்தார்.

கருவியில் நாடாவை இழுத்துச் செல்வது ஓர் உலோகத் தண்டும், அதனை அழுத்திச் சுழலும் ஒரு ரப்பர் உருளையுமே. உருளை பிசுபிசுப்பாகிவிட்டால் நாடா அதில் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். வெளியே தள்ளப்படும் நாடாவை வாங்கிச் சுருட்ட வேண்டிய சக்கரம் தளர்ந்துவிட்டாலும் அதே கதிதான். ‘டேப் தின்றுவிட்டது’ என்று சொல்வோமே, அது இதுவே. பரணில் முப்பது ஆண்டு கிடந்த கருவியில் ரப்பர்ப் பட்டைகள் தார் போல் உருகியிருக்கும். இதனாலேயே அன்று பையனின் கையைத் தடுத்தோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் தந்தையார் திருவிழாவில் பாடிய நாடா ஒன்றை இப்படித்தான், ஆவல் மீதூர, கிடைத்த கருவியில் போட்டோம். மூன்றாவது நிமிடத்தில் குரல் குழறியது. திறந்து பார்த்தபோது நாடா துணித்திரி போல் முறுக்கிக் கிடந்தது. தவறு நம்முடையதே.

ஆகவே விதி ஒன்று: பழைய கருவியை முதலில் உதவாத கேசட் ஒன்றில் சோதித்துப் பாருங்கள். திரைப்படப் பாட்டொன்று சிதைந்தால் வேறிடத்தில் பெறலாம். அப்பத்தாவை எங்கே பெறுவது?

சோதிக்கு முன் துப்புரவு செய்ய வேண்டும். சுத்தமான பஞ்சைச் சிறு குச்சியில் சுற்றி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, காந்த முனையையும் உலோகத் தண்டையும் மெல்லத் துடைக்க வேண்டும். பஞ்சில் பழுப்பு நிறம் படிவதைக் காண்பீர்கள். அது உதிர்ந்த ஆக்ஸைடு. பஞ்சு வெண்மையாக வரும் வரை துடைக்கலாம். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் ஆகாது. அது ரப்பரை நாளடைவில் உலர்த்திவிடும். சிறிது சோப்புநீர் தோய்த்துத் துடைத்து, பின் வெறுநீரால் துடைத்துக் காயவிட்டால் போதும். அடிக்கடி கேட்கிறவர்கள் பத்து மணி நேரத்திற்கு ஒருமுறை இதைச் செய்வது நன்று. செய்தவர்கள் எத்தனை பேர்? ‘ஹெட் கிளீனர்’ கேசட் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அதை ஒரு நாளும் பயன்படுத்தாத இல்லங்களையே நாம் மிகுதியாக அறிவோம்.

அடுத்து, நாடாவை வெளிச்சத்தில் வைத்து, பேழையின் சிறு சாளரத்தின் வழியே பாருங்கள். சுருளின் விளிம்பில் வெள்ளைத் திட்டுகளோ நூல்களோ தெரிந்தால் அது பூஞ்சை. நம் பள்ளத்தாக்கில் ஆனி ஆடிச் சாரலும், ஐப்பசி கார்த்திகை மழையும், எப்பொழுதும் ஈரம் ஏந்தி நிற்கும் நெல்வயல்களும் உண்டு. ஊருக்கு வளம் தரும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், பீரோவுக்குள் இருக்கும் நாடாவுக்கு அத்துணை நன்மை செய்வதில்லை. பூஞ்சை பிடித்ததைக் கருவியில் போட்டால் கருவியிலும் பரவும்; அடுத்து வரும் கேசட்டுக்கும் ஒட்டும்; மூச்சிலும் ஏறும். அதைத் தனியே உறையிட்டு, இத்தொழில் அறிந்தவரிடமே கொடுக்க வேண்டும். நமது நாடாவில் தெய்வாதீனமாகப் பூஞ்சை இல்லை. டின்னின் மூடி இறுக்கமாக இருந்ததே காரணமாகலாம்.

பல ஆண்டு ஓடாத நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். உடனே ஓடவிட்டால் அறுந்துவிடும். உள்ளங்கையில் கேசட்டை மெல்லத் தட்டிவிட்டு, ஆறு பட்டைப் பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பொறுமையாகச் சுற்ற வேண்டும், பிறகு திரும்பவும். நமக்கு இதற்கு அரை மணி நேரத்திற்கு மேல் பிடித்தது. கடிந்துகொள்ளப்பட்ட பையனிடமே இவ்வேலையை ஒப்படைத்தோம். செபமாலை உருட்டுவது போல் அவன் கண்ணிமைக்காமல் சுற்றியதைக் கண்டபோது, முன்னர் பேசிய கடுஞ்சொல்லுக்காக வருந்தினோம்.

நாடாவின் நடுப்பகுதிக்கு உள்ளே, காந்த முனைக்கு நேராக, ஒரு செப்பு வில்லின் மேல் சிறு பஞ்சுத்துணித் திண்டு ஒட்டியிருக்கும். நாடாவை முனையோடு அணைத்துப் பிடிப்பது அதுவே. பசை காய்ந்து அது உதிர்ந்துவிட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் மங்கும். ‘நாடா செத்துவிட்டது’ என்று கருதிக் குப்பையில் எறிந்தவர்கள் உண்டு. நாடா சாகவில்லை, அதற்கு வேறு உடல் வேண்டும், அவ்வளவே. மூலைகளில் திருகாணி உள்ள பேழையானால் திறந்து, நாடாச் சுருள்களை அப்படியே எடுத்து, நல்லதொரு கேசட்டின் கூட்டுக்குள் மாற்றி வைத்துவிடலாம். அறுந்த நாடாவை ஒட்டுவதற்கு நாம் காகிதத்திற்குப் பயன்படுத்தும் செல்லோடேப் உதவாது. அதன் பசை கசிந்து அடுத்த சுற்றைப் பற்றும். இதற்கெனவே விற்கப்படும் ஒட்டுப்பட்டைதான் ஏற்றது.

நிற்க. பதிவு செய்த காலத்து அறியாமைகள் சிலவற்றையும் சொல்ல வேண்டும்; அவை நாடாவிலேயே பதிந்துள்ளன. சிவப்புப் பொத்தானையும் ஓடவிடும் பொத்தானையும் சேர்த்து அழுத்தியவுடன் பேசத் தொடங்கிவிடுவோம். நாடாவின் தொடக்கத்தில் சில விநாடிகளுக்குக் காந்தப் பூச்சே இல்லாத வெற்றுப் பட்டை இருப்பதை எண்ணுவதில்லை. அதனால் எத்தனையோ இல்லத்து நாடாக்களில் முதற்சொல் இராது. மின்கலங்கள் இளைத்த நிலையில் பதிந்தால் சக்கரம் மெதுவாக ஓடும். பின்னர் முறையான வேகத்தில் கேட்கும்போது பெரியவர் குரல் சிறு பிள்ளையின் கீச்சுக்குரலாகும். கருவியைப் பலகை மீது வைத்துவிட்டால் அதன் சொந்த மோட்டார் இரைச்சலையே அது பதிந்துகொள்ளும். கீழே மடித்த துண்டொன்றை விரித்திருந்தால் போதும். இன்னொன்று, இச்சிறு கருவிகள் ஒலியின் அளவைத் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் இயல்புடையவை. பேசுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தினால், கருவி காதைத் தீட்டிக்கொண்டு, சேவல் கூவுவதையும் சைக்கிள் மணியையும் உரக்கப் பிடிக்கும். அந்நாளில் இது பெருங்குறையாகத் தோன்றிற்று. ‘கோழியை விரட்டுங்கள்’ என்று தந்தையார் கத்துவதும் அந்த நாடாவில் இருக்கிறது. இன்று அந்தச் சேவலை விரட்ட நமக்கு மனமில்லை.

எல்லாவற்றினும் கொடியது மேல்பதிவு. ஒரு கேசட்டின் முதுகுப் புறத்தில் இரு ஓரங்களிலும் இரண்டு சிறு பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். கேட்கும் பக்கம் நம்மை நோக்கியும், நாடா தெரியும் திறப்பு கீழ்நோக்கியும் இருக்குமாறு பிடித்தால், மேல் விளிம்பில் இடது கைப்புறம் உள்ள பல் அந்தப் பக்கத்துக்கு உரியது. அதை ஒடித்துவிட்டால் சிவப்புப் பொத்தான் இறங்காது; அப்பக்கத்தில் எவரும் வேறெதையும் பதிய முடியாது. ஒடித்த பின் மீண்டும் பதிய விரும்பினால், குழியின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டினால் தீர்ந்தது. இரண்டு விநாடி வேலை. இதைச் செய்யாததால் நம் தாய்வழிப் பாட்டியின் தாலாட்டு நாடா போயிற்று. 1987-இல் நம் வீட்டு இளவட்டம் ஒருவர் வானொலியில் வந்த திரைப்படப் பாடல்களை அதன் மேல் பதிந்துவிட்டார். பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜாவின் இசை நம் தெருவெங்கும் முழங்கிக்கொண்டிருந்த காலம். இளவட்டத்தை என்ன சொல்வது? பாடல்களுக்கு நடுவில் ஓரிடத்தில் மட்டும், பாட்டி இருமும் ஒலி நான்கு விநாடி எஞ்சியிருக்கிறது.

சின்னமனூரின் பெயரை வரலாறு கற்போர் அறிவது செப்பேடுகளால். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பாண்டியன் இராசசிம்மனின் பெரிய செப்பேடுகள் இவ்வூருக்கு உரியவை. முன்னோரான பாண்டியர் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுராபுரியில் சங்கம் வைத்ததையும் கூறுவதால், தமிழிலக்கிய வரலாற்றில் அவற்றைச் சுட்டாதார் இல்லை. வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் அமைந்தது. ஆயிரம் ஆண்டு கழித்தும் அதைப் படிக்க, எழுத்தறிந்த இரு கண்கள் போதுமாயின. வட்டெழுத்து வழக்கொழிந்த பின்னும் அறிஞர் முயன்று படித்தனர். ஒலிநாடாவோ வெறுங்கண்ணுக்குப் பழுப்பு நிறப் பட்டை, அவ்வளவே. அதைப் படிக்கக் கருவி வேண்டும், கருவியைப் பழுது பார்க்க ஆள் வேண்டும், மாற்றுறுப்பு வேண்டும். நாம் முன்னர்க் குறித்த நான்காம் பகை இதுவே. யுனெஸ்கோவின் ‘அனைவர்க்கும் தகவல்’ திட்டமும் ஒலி, ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் இணைந்து 2019-இல் காந்த நாடாக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை முயற்சியைத் தொடங்கின. முறையாக ஓடவிடக்கூடிய கருவிகள் 2025-ஐ ஒட்டி அருகிவிடும் என்பதே காப்பகத்தாரின் பொதுக் கருத்தாக அதில் கூறப்பட்டது. அந்த ஆண்டும் வந்துவிட்டது. பேரூர்தோறும் நாம் கண்ட ‘ரேடியோ, டேப் ரிப்பேர்’ பலகைகள் இன்று செல்போன் பலகைகளாக மாறிவிட்டன.

இழப்பு நம் வீட்டோடு நிற்பதன்று. நாற்று நடும் பெண்கள் பாடிய பாட்டு, வீட்டு வாசலில் எழுந்த ஒப்பாரி, தவக்காலத்தில் உபதேசியார் நீட்டி இசைத்த முறை ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். இலங்கையில் மறைப்பணி புரிந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கம் நூலாக அச்சில் இருக்கிறது, அழியாது. அதை ஊருக்கு ஊர் எவ்வாறு குரலெடுத்து வாசித்தார்கள், எவ்விடத்தில் நிறுத்திக் கூட்டத்தை விம்மவைத்தார்கள் என்பது அச்சில் இல்லை. இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி போன்ற நம் பக்கத்துப் பழைய கத்தோலிக்க ஊர்களில் யாரேனும் ஒருவர் பெரிய வெள்ளியன்று மடியில் டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தால், அந்த ராகம் இன்னும் ஏதோ ஒரு டின்னுக்குள் உறங்கும்.

இனி நாம் செய்ததைச் சொல்வோம். தெரிந்த ஆசிரியர் ஒருவரிடமிருந்து நல்ல நிலையில் இருந்த கருவியை இரவல் பெற்றோம். துடைத்தோம், உதவாத கேசட்டை இரு பக்கமும் ஓடவிட்டுப் பார்த்தோம். அப்பத்தாவின் நாடாவில் இரு பற்களையும் முதலில் ஒடித்தோம். கருவியின் காதொலிக் குழியிலிருந்து ஒரு கம்பியைக் கணினியின் ஒலி உள்வாய்க்கு இணைத்து, விலையின்றிக் கிடைக்கும் ஆடாசிட்டி என்னும் மென்பொருளில் பதிந்தோம். ஒலிக் காப்பகத்தார் வகுத்த குறைந்தபட்ச அளவு விநாடிக்கு 48,000 மாதிரி, 24 பிட். சுருக்கப்படாத ‘வேவ்’ கோப்பு. இவ்வாறு ஸ்டீரியோவில் பதிந்தால் ஒரு மணி நேரம் ஏறக்குறைய ஒரு ஜிகாபைட் இடம் கொள்ளும். இடம் பெரிதென்று அஞ்சிச் சுருக்கிய கோப்பாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டா. அத்தகைய நகலைச் செல்போனில் கேட்பதற்குத் தனியே செய்துகொள்ளலாம்.

இதை நாமே செய்யத் துணிந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. முன்பொரு முறை வேறொரு நாடாவை ஒரு நகரத்துக் கடையில் கொடுத்திருந்தோம். இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்ததாகப் பெருமையுடன் ஒரு தகட்டைத் தந்தார்கள். இரைச்சலோடு வல்லின மெய்களும், மூச்சும், பின்னணியும் சேர்ந்து போயிருந்தன. தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போல் இருந்தது. நாடாவைத் திரும்பக் கேட்டபோது, ‘பதிந்துவிட்டோமே, அது எதற்கு?’ என்று வியந்தார்கள். அதை எறிந்துவிட்டிருந்தார்கள். கடையில் கொடுப்பதே தவறென்று கூறவில்லை. மாற்றம் எதுவும் செய்யாத மூலப்பதிவைக் கேட்டு வாங்குங்கள். நாடாவையும் கையோடு வாங்குங்கள்.

பதிவு தொடங்கிற்று. குரல் எழுவதற்கு இரண்டு மூன்று விநாடிகளுக்கு முன்பாகவே, அதே சொல் மிக மெல்லிதாக, நிழல் போல் ஒருமுறை கேட்டது. பையன் திடுக்கிட்டான். பேயன்று, சுருட்டிய நாடாவில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் நாளடைவில் படிந்துவிடுவதால் வரும் முன்னொலி அது. மெல்லிய நாடாக்களில் மிகுதி. கேட்பதற்கு முன் இரண்டொரு முறை முழுவதும் சுற்றினால் சற்றுத் தணியும். நம் பையன் பென்சிலால் சுற்றியிராவிட்டால் இன்னும் உரக்கக் கேட்டிருக்குமோ என்னவோ.

“பேசாத்தா, ஓடுது” என்பது தந்தையாரின் குரல். பிறகு நெடிய மௌனம். சேவல். பிறகு, “ஏய்யா, நல்லாருக்கியா? நான் பேசுறது கேக்குதா?”

இரண்டாம் பக்கத்தின் இறுதிப் பத்து நிமிடத்தில் மின்கலம் இளைத்திருக்கிறது. அப்பத்தாவின் குரல் படிப்படியாகச் சிறுமியின் குரலாகிவிட்டது. தொடக்கத்தில் உள்ள குரலை அளவாக வைத்து, நகல் ஒன்றில் மட்டும் வேகத்தைக் குறைத்துச் சீர்செய்தோம். மூலத்தை அப்படியே விட்டோம். கோப்பின் நகல்கள் இப்பொழுது மூன்று, இரண்டு ஊர்களில் இருக்கின்றன. நாடாவையும் எறியவில்லை. ஒரு பக்கம் முழுவதும் ஓடி முடிந்த நிலையில், சீராகச் சுருண்டபடி, அதன் உறையில் இட்டு, புத்தகம் போல் செங்குத்தாக நிறுத்தி, ஒலிபெருக்கிக்கும் காந்தக் கதவுக்கும் சமையலறைக்கும் எட்ட, உட்சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்திருக்கிறோம். இரவல் கருவியை, உள்ளே மறந்துவிடாமல் மின்கலங்களை எடுத்துவிட்டு, உரியவரிடம் சேர்த்தோம். கசிந்த மின்கலம் எத்தனையோ நல்ல கருவிகளைக் கொன்றிருக்கிறது.

கிறிஸ்துமஸ் கழிந்த ஞாயிறன்று சித்தப்பா வந்தார். காது சற்று மந்தம். ஆகவே காதொலிக் கருவியை மாட்டிவிட்டோம். அறுபது நிமிடமும் அவர் நிமிரவில்லை. வயலில் தண்ணீர் பாய்ந்தது, மூத்தவள் பிள்ளை பெற்றது, நெல் விலை, ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறாயா என்ற கேள்வி, அங்கே மீன் கிடைக்கிறதா என்ற கேள்வி எல்லாம் நாற்பது ஆண்டு தாமதமாக அவரைச் சென்றடைந்தன. ஓரிடத்தில் தலையசைத்து, “ம், கெடைக்குது” என்றார்.

முடிந்த பின் அவர் முதலில் கேட்டது வேறொன்று. நாடாவின் நடுவில் வாசற்புறமிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, ‘யாருகிட்ட பேசிக்கிட்டிருக்கீக?’ என்று சிரிக்கும் குரல் வருகிறது. அது யார் என்று நமக்குத் தெரியவில்லை. பல முறை கேட்டும் புலப்படவில்லை. சித்தப்பா கேட்ட மாத்திரத்தில் அடையாளம் சொன்னார். கோடி வீட்டில் குடியிருந்து, பின்னர் குடும்பத்தோடு மலைத்தோட்டத்துக்குப் போய்விட்ட அக்கா. அதைச் சொல்லக்கூடியவர் இன்று நம் குடும்பத்தில் அவர் ஒருவரே. பெயர், வீடு, எத்தனையாவது நிமிடம் என்பவற்றை அப்பொழுதே ஒரு தாளில் எழுதி, கேசட்டின் உறைக்குள் மடித்து வைத்தோம். டின்னில் இன்னும் தலைப்பு எழுதாத நாடாக்கள் மூன்று இருக்கின்றன. அடுத்த ஞாயிறும் வருவதாகச் சித்தப்பா சொல்லியிருக்கிறார்.